எந்த மருந்து என்று கேட்டார்கள்

என் அண்ணன் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு மசாலாக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். இந்தியாவிலிருந்து காய்ந்த மிளகாயும் மல்லியும் சீரகமும் கன்டெய்னரில் வரும். கதவைத் திறந்து, மூட்டைகளை இறக்கி, அடுக்கி, கடைகளுக்கு அனுப்பி வைப்பது அவருடைய பொறுப்பு. நான் இக்கரையில், தீவில், ஜார்ஜ் டவுனில் வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் வருவதைத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். அறிவிப்புப் பலகை, தடுப்பூசித் துண்டுப் பிரசுரம், அடுக்குமாடி வீட்டுக் கூட்டத்தின் அழைப்பு என்று எது வந்தாலும் வாங்கிக்கொள்வேன். சொல்லை நம்பிப் பிழைக்கிறவள் நான். ஒரு சொல்லால் என் அண்ணன் இப்படிப் பாடுபடுவார் என்று நினைத்ததே இல்லை.

வேலை நாள் ஒன்றின் காலை அது. அண்ணி கைப்பேசியில் அழைத்தார். பட்டர்வொர்த்தில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாலர் பள்ளியில் அவர் ஆசிரியை. எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்று பாதி வாக்கியத்திலேயே நின்று நின்று பேசினார். அண்ணன் கிடங்கில் மயங்கி விழுந்துவிட்டார், கூட வேலை செய்கிறவர்கள் முதலாளியின் பிக்கப் வண்டியில் போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், தானும் அங்கேதான் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். பாலத்தில் நெரிசல் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் துறைமுகத்துக்கு ஓடி ஃபெரியில் ஏறினேன். அந்தச் சின்ன தூரத்தைக் கடக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில், மாரடைப்பு, பக்கவாதம், மூளையில் ரத்தக் கசிவு என்று எனக்குத் தெரிந்த எல்லா நோயையும் அண்ணனுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

அவசரப் பிரிவில் அவர் தள்ளுகட்டிலில் படுத்திருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் வாந்தி. நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி, உடம்பெல்லாம் மிளகாய்த் தூசியோடு இரண்டு பேர் நின்றார்கள். இருவரும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்கள்தான்.

என்ன நடந்தது என்று அவர்களிடம் கேட்டேன். இருவரில் மூத்தவர் சொன்னார்:

“மருந்து வச்ச கன்டெய்னரு, அக்கா. கதவுல எச்சரிக்கை ஸ்டிக்கர் எதுவும் இல்ல, மழையில போயிருச்சோ என்னவோ. அண்ணன் தொறந்து, மூட்டை எத்தனை இருக்குன்னு பாக்க உள்ள போனாரு. கொஞ்ச நேரத்துல தலை சுத்துதுன்னு வெளிய வந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு.”

எனக்கு உடனே புரிந்தது. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் பூச்சி, வண்டு செத்துப்போகட்டும் என்று மூட்டைகளுக்கு நடுவில் மாத்திரைகளை வைத்துக் கதவை அடைத்துவிடுவார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அந்த மாத்திரையிலிருந்து நச்சுவாயு கிளம்பும். வந்து சேர்ந்த பிறகு கதவுகளைத் திறந்து வைத்து, காற்றாட விட்டு, வாயு போய்விட்டதா என்று கருவி வைத்துப் பார்த்த பின்தான் ஆள் உள்ளே போகவேண்டும். இதெல்லாம் அண்ணன் சொல்லி எனக்கு முன்பே தெரியும். கிடங்கில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் அதற்குப் பெயர் மருந்து. மருந்து வைத்த கன்டெய்னர், மருந்து வைக்காத கன்டெய்னர். இரண்டே வகை.

சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. பதிவு செய்யும் இடத்தில் மருத்துவ உதவியாளர் என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டிருக்கிறார். ராமநாதபுரத்துக்காரர் தனக்குத் தெரிந்த மலாயில், “அபாங் கெனா உபாட்” என்று சொல்லியிருக்கிறார். அண்ணனை மருந்து தாக்கிவிட்டது என்பது அவர் சொல்ல வந்தது. மலாயிலும் உபாட் என்றால் மருந்துதான். கொசுவத்திச் சுருளும் உபாட், காய்ச்சலுக்குத் தின்பதும் உபாட். ஆனால் மருத்துவமனைக்குள் நின்று உபாட் என்று சொன்னால் கொசுவத்தி யாருக்கு ஞாபகம் வரும்? உதவியாளர் எந்த மருந்து என்று கேட்டிருக்கிறார். மாத்திரை என்று இவர் சொல்லியிருக்கிறார். எத்தனை என்று அவர் கேட்டிருக்கிறார். “பஞ்யாக்” என்று இவர் சொல்லியிருக்கிறார். நிறைய. கன்டெய்னருக்குள் நிறையத்தானே இருந்தது. பொய்யாக ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்.

ஆகவே என் அண்ணன் நிறைய மாத்திரைகளை விழுங்கியவராகப் பதிவாகிவிட்டார்.

இது அப்போது எனக்கும் அண்ணிக்கும் தெரியாது. ஓர் இளம் பெண் மருத்துவர் வந்து எங்கள் இருவரையும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். மலாய்ப் பெண். மிகவும் கனிவாகப் பேசினார். அந்தக் கனிவே எனக்கு உறுத்தியது. வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். சமீபத்தில் சரியாகத் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, வாழ்க்கை சலித்துவிட்டது என்ற மாதிரி ஏதாவது பேசினாரா என்று கேட்டார். அண்ணி முதலில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்விக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

“எதுக்கு இதக் கேக்கறாங்க?” என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

நான் மருத்துவரிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் எதையும் விழுங்கவில்லை. கன்டெய்னருக்குள் பூச்சி கொல்ல வைத்த மருந்தின் வாயுவைச் சுவாசித்திருக்கிறார். மருத்துவர் கவனமாகக் கேட்டுவிட்டு, அந்த மருந்தின் பெயர் என்ன, சரியான பெயர், என்றார். பல தடவை மொழிபெயர்த்த பெயர் அது. இருந்தாலும் உறுதியாகத் தெரியாமல் வாயை விடக்கூடாது என்று நினைத்தேன். அண்ணனின் முதலாளியை அழைத்தேன். தமிழ் முஸ்லிம், நாங்கள் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். பதறிப்போயிருந்தார். ஏற்றுமதி செய்தவர்கள் அனுப்பிய காகிதத்தைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். அதில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்று போட்டிருந்தது.

அதை மருத்துவரிடம் காட்டியபோது தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. அந்த மாத்திரையை விழுங்கிச் சாகிறவர்கள் உண்டு, அவர் படித்திருப்பார். இப்போது பதிவில் இருந்ததும் என் கையிலிருந்த படமும் அவருக்கு ஒன்றாகப் பொருந்திவிட்டன. மாத்திரை, நிறைய, அதுவும் இந்த மாத்திரை. அவர் வேகமாகத் திரும்பி நர்ஸிடம் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைக் கழுவ மூக்கு வழியாகக் குழாய் போட ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். கையால் தள்ளினார். இரண்டு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“முழுங்கலை, மூச்சில போச்சு” என்று நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தது எனக்கே பிறகுதான் உறைத்தது. மலாயில் சொல்லவேண்டிய இடத்தில், மூன்று மொழியில் பிழைக்கிறவளுக்கு ஒரு மொழிதான் வந்தது.

அதையே மலாயில் சொன்னதும் மருத்துவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். சரி, வாயு என்கிறீர்கள், வாயுவுக்கு என்ன பெயர் என்று கேட்டார். பாஸ்பீன் என்றேன். அவர் தொலைபேசியில் யாரிடமோ பேசினார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது பாஸ்ஜீன். நான் குறுக்கே விழுந்து, ஜீன் இல்லை, பீன் என்றேன். அவர் மறுமுனையில் இருந்தவரிடம் திருத்திச் சொன்னார். மறுமுனைக்காரர் நம்பவில்லை போலிருக்கிறது. எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். அதற்குள் பாய் இன்னொரு படம் அனுப்பினார். மாத்திரை தயாரித்த இடத்தின் பாதுகாப்புத் தகவல் தாள். அவர் உதவி செய்வதாக நினைத்துத்தான் அனுப்பினார். அதில் பாஸ்பீன் என்ற பெயரே இல்லை. பாஸ்பேன் என்று இருந்தது.

மருத்துவர் கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது வேறு வாயுவா, அதே வாயுவா, அல்லது இரண்டுமே இருந்ததா என்று கேட்டார். அலுமினியம் பாஸ்பைடு, பாஸ்பீன், பாஸ்ஜீன், பாஸ்பேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்ற இந்தப் பெயர்களில் எது என் அண்ணனின் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார். ராமநாதபுரத்துக்காரர் உண்மையைத்தான் சொன்னார். பாய் கேட்டதை எல்லாம் அனுப்பினார். எல்லாரும் சரியாக இருந்தார்கள். அண்ணன் மட்டும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மூத்த மருத்துவர் ஒருவர் வந்தார். நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி. எங்கள் யாரையும் அவர் கேட்கவில்லை. காகிதத்தையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலருகே போய், அண்ணன் முகத்துக்கு நேராகக் குனிந்து, விழுங்கினீர்களா, முகர்ந்தீர்களா என்று எளிய மலாயில் கேட்டார். அதுவரை அண்ணனிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நான்கூட. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, கதவைத் திறந்தேன், உள்ளே போனேன், எதையும் சாப்பிடவில்லை என்று சொன்னார். மிளகாய் நெடியில் வேறு எந்த வாசனையும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

மூத்த மருத்துவர் குழாயை எடுத்துப் போகச் சொன்னார். பாஸ்பீனும் பாஸ்பேனும் ஒரே வாயுதான் என்று எங்களுக்கும் அந்த இளம் மருத்துவருக்கும் சேர்த்துச் சொன்னார். பாஸ்ஜீன் வேறு, அது நுரையீரலைக் கெடுக்கும், சில சமயம் தாமதமாகக் காட்டும். இந்த வாயு இதயத்தைப் பிடிக்கக்கூடும். முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, இதயத் துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே அதிக நேரம் இல்லாமல் வெளியே வந்தது நல்லதாகப் போயிற்று என்றார்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் வாந்தி நின்றது. துடிப்பில் கொஞ்சம் தடுமாற்றம் இருப்பதாகச் சொல்லி வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் நான் போனபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். வலியா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பெல்ட்டை எடுத்துட்டாங்க. சவரம் பண்ற பிளேடை எடுத்துட்டாங்க. செபமாலையக் கூட வாங்கி அண்ணிகிட்ட குடுத்துட்டாங்க, நூலு இருக்காம். காலையில ஒருத்தர் வந்து நாற்காலி போட்டு உக்காந்து, மனசு விட்டுப் பேசுங்கன்னாரு. நான் என்னத்தப் பேச? கன்டெய்னர் கதவ தொறந்தேன்லா, அவ்வளவுதான்.”

வார்டு நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டவில்லை, ஆனால் வாசித்துச் சொன்னார். முதல் வரியில் மாத்திரை விழுங்கியதாகக் கூறப்படுகிறது என்று இருந்தது. மூத்த மருத்துவர் எழுதியது அதற்குக் கீழே நான்கைந்து பத்தி தள்ளி இருந்தது. வேலை மாறி வருகிற ஒவ்வொரு நர்ஸும் முதல் வரியைத்தான் படிப்பார். நான் விளக்கியதும், புரிகிறது அக்கா, மருத்துவர் வந்ததும் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் வந்த நர்ஸுக்கு மறுபடி விளக்கினேன். அதற்கடுத்த நாளும் விளக்கினேன். பிளேடு திரும்பி வரவில்லை. அண்ணன் தாடியோடுதான் வீட்டுக்குப் போனார்.

பாய் ஒரு கூடை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது. கதவில் ஸ்டிக்கர் இருந்திருக்கவேண்டும், தன் ஆட்கள் பார்த்திருக்கவேண்டும், கருவி வாங்கியிருக்கவேண்டும் என்று அவரே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, நீங்களே ஒரு போர்டு எழுதிக் குடுங்க. எல்லாருக்கும் புரியற மாதிரி. பெருசா மாட்டிருவோம்” என்றார்.

அன்றே வீட்டுக்குப் போய் எழுதினேன். முதல் வரி: ‘மருந்து வைத்த கன்டெய்னர். உள்ளே விஷக் காற்று.’ இரண்டாவது வரி: ‘கருவி வைத்துப் பார்க்கும் வரை உள்ளே போகாதீர்கள்.’ அதற்குக் கீழே, யாராவது விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார், ஆகவே வெளியிலிருந்து உதவிக்கு அழையுங்கள் என்றும், மருத்துவமனையில் என்ன சொல்லவேண்டும் என்றும் எழுதினேன். ‘சுவாசித்தது பாஸ்பீன் வாயு. விழுங்கவில்லை.’ இதை மலாயிலும் எழுதி, மலாயை எப்படி உச்சரிப்பது என்று தமிழ் எழுத்திலும் கொடுத்தேன். பாய் படித்துப் பார்த்துவிட்டு, இதுதான் வேண்டும் என்றார்.

ஆனால் அதற்குள் அவர் ஒரு பாதுகாப்பு ஆலோசகரையும் வைத்துக்கொண்டிருந்தார். விபத்து நடந்த இடத்துக்கு அதிகாரிகள் வருவார்கள், எல்லாம் முறையாக இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆலோசகர் நம் ஆள், தமிழர். இளைஞர், நேர்த்தியாக உடுத்தியிருந்தார், தமிழில் பேசுவார். தமிழ் படிக்கத் தெரியாது. அதை அவரே வெட்கப்படாமல் சொன்னார். நான் எழுதிய பலகையை வரிக்கு வரி என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முதல் வரியிலேயே நிறுத்தினார்.

மருந்து என்பது அந்தப் பொருளின் பெயர் இல்லை என்றார். விஷக் காற்று என்பதும் பெயர் இல்லை. தகவல் தாளில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பலகையிலும் இருக்கவேண்டும். தாளில் பாஸ்பேன் என்று இருக்கிறது.

“டெக்னிக்கல் நேம் போடணும் மேடம். சேஃப்டி ஆடிட்டர் வந்தா பேப்பரையும் போர்டையும் வச்சு மேட்ச் பண்ணுவாரு. மேட்ச் ஆகலன்னா எங்களுக்குத்தான் பிரச்சினை.”

“படிக்கிறவங்களுக்குப் புரியணும் இல்லையா?”

“டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்துருவோம் மேடம். போர்டுல கரெக்ட் நேம் இருக்கணும்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். பாஸ்பேன் சரியான பெயர்தான். அந்த இரவு அந்தப் பெயர்களோடு மல்லுக்கட்ட உட்கார்ந்தேன். வேதியியலாளர்கள் உலகம் முழுவதற்கும் ஒரே முறையில் பெயர் வைக்கவேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன் என்கிற வரிசைக்கு ஒத்தாற்போல இதற்கும் பாஸ்பேன். பாஸ்பீன் பழைய பெயர்; புழக்கத்தில் அதுதான் இன்னும் இருக்கிறது, விதிப்படி அது ஓய்வு பெற்றுவிட்டது. ஹைட்ரஜன் பாஸ்பைடு என்று இன்னொரு பெயரும் உண்டு. மூன்றும் ஒன்றே. ஒரு பாஸ்பரஸ், மூன்று ஹைட்ரஜன். பாஸ்பரஸ் என்பது ஒளியைக் கொண்டுவருவது என்ற பொருளில் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. விடிவெள்ளிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர். பாஸ்ஜீனுக்கும் முன்பாதி அதே ஒளிதான். அதை முதன்முதலில் செய்தவர் வெயிலில் வைத்துச் செய்தாராம், அதனால் ஒளியில் பிறந்தது என்று பெயர் வைத்துவிட்டார். அதில் பாஸ்பரஸ் துளியும் கிடையாது. எப்போதோ ஒருவருக்கு வெயில் பிடித்துப்போனதால், அந்த இளம் மருத்துவர் தொலைபேசியில் தப்பாகச் சொன்னார் என்று நினைத்தபோது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

நச்சுவாயுவின் பெயருக்குள் விடிவெள்ளி இருக்கிறது. அபாயம் என்று சொல்லும் ஓர் எழுத்து இல்லை. அந்தப் பெயர் அணுக்களை எண்ணிச் சொல்கிறது. கதவுக்கு முன்னால் நிற்கிறவனிடம் அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. அவனிடம் சொல்வதற்கு ஒரு சொல் இருந்தது, அது மருந்து. அந்தச் சொல்லைத்தான் ஆலோசகர் அடித்துவிட்டார். மருத்துவமனையில் ஏற்பட்ட குழப்பத்துக்கும் அதே சொல்தானே காரணம் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அதற்கு எனக்குப் பதில் இருந்தது: கிடங்கில் மருந்து என்று சொல்லுங்கள், மருத்துவமனையில் பாஸ்பீன் என்று சொல்லுங்கள், இரண்டும் ஒன்று என்று பலகையில் போடுங்கள். ஒரு பொருளுக்கு இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. இருக்கிற எல்லாவற்றையும் எழுதினால்தான் ஒருவன் சொன்னது அடுத்தவனுக்குப் போய்ச் சேரும். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பலகையில் இடம் போதாது என்றார்.

நான் விடவில்லை. பாயிடம் போனேன். பாய் ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் பாய்க்கு மின்னஞ்சலில் விதிகளை அனுப்பினார். பாய் என்னிடம் வந்து, ரெண்டு பேரும் சொல்றது சரியாத்தான் இருக்கு தங்கச்சி, நான் என்ன பண்ண என்று கேட்டார். இப்படியே பல வாரம் போயிற்று. அத்தனை நாளும் கிடங்கில் எந்தப் பலகையும் இல்லை.

ஒருவழியாக, எல்லாப் பெயரும் இருக்கட்டும், சரியான பெயர் மேலே இருக்கட்டும் என்று உடன்பாடு வந்தது. நான் தட்டச்சு செய்து அனுப்பினேன். அச்சடித்து மாட்டிவிட்டதாகப் பாய் மகிழ்ச்சியோடு படம் அனுப்பினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சகத்தில் இருந்த கணினிக்குத் தமிழ் எழுத்துரு ஒத்துவரவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் அடுத்த வரியில். பாஸ்பேன் என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், புள்ளிகளெல்லாம் வட்டமாக வெறுமையில் தொங்கின. ‘போகாதீர்கள்’ என்பதை வாயால் சொல்லவே முடியாது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, மண்டையோடு, எல்லாம் அழகாக இருந்தன. ஆலோசகருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அவர் கண்ணுக்கு அது தமிழ்தான்.

பேருந்தில் பிறைக்குப் போனேன். எழுத்தைப் படமாக மாற்றி அச்சகத்தாருக்கு நானே கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்து வாங்கினேன். இறக்கும் தளத்தில், கன்டெய்னர் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை கிடங்குக்குப் போனபோது அது அலுவலகத்துக்குப் போகிற நடையில் தொங்கியது. ஆடிட்டர் அந்த வழியாகத்தான் வருவாராம். நான் அங்கேயே நின்று பாயை அழைத்துச் சத்தம் போட்டேன். என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அலுவலகத்திலிருந்து எழுந்து வந்தார். ஆணியையும் சுத்தியலையும் எடுத்துவரச் சொல்லி, தானே ஏணியில் ஏறி எதிர்ச் சுவரில் மாட்டினார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, கருவியும் வாங்கிட்டேன் தங்கச்சி, போன வாரமே வந்துருச்சு என்றார்.

அண்ணன் இப்போது வேலைக்குப் போகிறார். கருவியில் அளவு பார்க்காமல் எந்தக் கன்டெய்னருக்குள்ளும் யாரையும் போக விடுவதில்லை. லாரிக்காரர்கள் காத்திருந்து சலித்துக்கொள்கிறார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு இளைக்கிறது. இதயம் சரியாக இருக்கிறது என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போவேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மருத்துவர் இருப்பார். கணினியைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்துவிடும். இப்போது மனசு எப்படி இருக்கிறது என்பார். அந்த முதல் வரியை எடுக்கச் சொல்லி ஆவணப் பிரிவுக்குப் போயிருக்கிறேன். பதிந்ததை அழிக்க முடியாது, கீழே ஒரு குறிப்புச் சேர்க்கலாம் என்றார்கள். ஏற்கெனவே கீழே குறிப்பு இருக்கிறது, மேலே சேருங்கள் என்றேன். மேலே சேர்க்க வழியில்லையாம். போன முறை பார்த்த மருத்துவர் அண்ணனிடம் கேட்டபோது, அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நல்லாத் தூங்கறேன் டாக்டர், இதக் கேட்டுக் கேட்டுத்தான் தூக்கம் கெடுது என்று தமிழிலேயே சொன்னார். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார். நன்றாகத் தூங்குகிறார் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

அந்த ஆலோசகர் என்னை மறக்கவில்லை. என் வேலை அவருக்குப் பிடித்திருக்கிறதாம். துறைமுகப் பக்கமுள்ள வேறு கிடங்குகளுக்கும் தமிழில் பலகை வேண்டும் என்று அனுப்புகிறார். மூலத்தில் பாஸ்பேன் என்ற ஒற்றைப் பெயர்தான் இருக்கும். நான் முதல் வரியாக ‘மருந்து வைத்த கன்டெய்னர், உள்ளே விஷக் காற்று’ என்று சேர்த்து அனுப்புவேன். மூலத்தில் இல்லாத வரி என்று வெட்டித் திருப்பி அனுப்புவார். போன வாரமும் ஒன்று வந்தது. வெட்டிய வரியைத் திரும்பச் சேர்த்து, இது இல்லாமல் என் பெயரில் இந்த மொழிபெயர்ப்பு போகாது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.